இரட்டைப் பதிவு

முப்பத்து நான்கு வருடம்
ஷில்லாங் கணக்காயர் அலுவலகத்தில்
பிறர் இருமுறை வாங்கியதைக்
கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினேன்.
ஒரே பயணத்துக்கு இரண்டு படி,
செத்துப்போன குதிரைக்கு மூன்று மாதத் தீவனம்,
ஒரு பாலத்துக்கு இரண்டு திறப்பு விழா.
பென்சிலால் சிறிதாக ஒரு பெருக்கல் குறி,
அவ்வளவுதான்.
ஆட்கள் தூக்கம் இழப்பார்கள்.

நேற்று வந்த கடிதத்தில்
அந்தக் குறி என் பெயருக்கு நேரே.

'மேற்படி நபர், மேற்படி விதிகளுக்குப் புறம்பாக,
மத்திய அரசு ஓய்வூதியராகவும்
முன்னாள் படைவீரரின் விதவையாகவும்
சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். இரண்டிலும் உறுப்பினர்.
முப்பது நாளில் ஒன்றை ஒப்படைக்கவும்.'

குறை சொல்ல எதுவுமில்லை.
நான் எழுதியிருந்தால்
ஒரு மேற்படியைக் குறைத்திருப்பேன்.
மூன்றெழுத்து இரண்டுக்கும் பொது,
என்னைப் போல.

சரி, கணக்கைப் பார்ப்போம்.
இடது கண் புரை: அவன் அட்டையில்.
வலது கண்: என் அட்டையில்,
இரண்டு வருடம் கழித்து, வேறு ஆஸ்பத்திரியில்.
ஆக இந்தக் கடிதத்தையே
இரண்டு திட்டமும் சேர்ந்துதான் படிக்கிறது.
சர்க்கரை மாத்திரை இங்கே, முழங்கால் ஊசி அங்கே.
ஒரே மருந்தை இரு இடத்தில் வாங்கியதில்லை,
ஒருமுறை தவிர.
மண் சரிந்து சாலை அடைபட்ட ஜூலையில்,
எதற்கும் இருக்கட்டுமென்று.
பத்து மாத்திரை. அதையும் எழுதிக்கொள்கிறேன்.

எது லாபம் என்பதில் குழப்பமில்லை.
என் அட்டைக்கு ஆஸ்பத்திரிகள் அதிகம்,
லைதும்க்ராவிலிருந்து நடந்தே போகலாம்,
'கொங் பிதாலியா' என்று கூப்பிடுவார்கள்.
அவன் அட்டைக்கு இரண்டு ஷேர் டாக்சி,
ஒரு ஏற்றம், குடை, நீள பெஞ்சு.
பெஞ்சில் பதினோரு பேர்,
ஒருத்திக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது.
சுபேதார் வீட்டம்மா பாக்கு நறுக்கித் தருவாள்.
நாயக் வீட்டம்மா
பனியில் அவருக்குப் போன இரண்டு விரலைத்
தன் காலில் தொட்டுக் காட்டுவாள்.

எங்கள் காஸி வழக்கில்
கல்யாணம் பெயரை மாற்றாது.
நான் என் அம்மாவின் நொங்ரும்.
அவன் அவனுடைய அம்மாவின் மவ்லோங்.
பிள்ளைகளும் நொங்ரும்,
வீட்டு வாசலிலும் நொங்ரும்.
டெல்லியிலிருந்து ஒருமுறை கேட்டார்கள்:
பெயர் ஒத்துப்போகவில்லையே, மனைவிதானா?
மூன்று சாட்சி, ஒரு பிரமாணப் பத்திரம்,
அப்படி நிரூபித்து வாங்கிய அட்டை.
அவன் பெயரும் என் பெயரும்
இடைவெளி விடாமல் அச்சான ஒரே இடம்.

இதை எந்தச் செலவுத் தலைப்பில் காட்டுவது?
தேடினேன். இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். மழை.
டோக்கன் நாற்பத்தொன்று.
ஜன்னலுக்குள் அதே சாப்ராக்காரர்,
அவரும் பென்ஷன் வாங்குகிறவர்.
'ஹவில்தார் கர்பூர்!' என்றார்.
ஒன்பது வருடமாகக் கர்பூர்தான்.
திருத்தினால் வரிசை நிற்குமே என்று
எழுந்து போய்விடுவேன்.

உறுதிமொழியில் கையெழுத்திட்டேன்.
கத்தரியால் அட்டையின் மூலையை வெட்டினார்.
ரசீது கேட்டேன், கொடுத்தார்.
பத்து மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்தேன்.
அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவதென்று
அவருக்குத் தெரியவில்லை,
உண்மையில் எனக்கும்.

பிறகு சொன்னேன்:
கர்பூர் இல்லை. க்ராவ்போர்.
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஏட்டைப் பார்த்தார்.
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.
அப்புறம், பழக்கதோஷம், மைக்கில்:
'ஹவில்தார் க்ராவ்போர் மவ்லோங்.'

பெஞ்சில் பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள்.
யாரும் எழவில்லை.
நான் ஏற்கெனவே
நின்றுகொண்டிருந்தேன்.